இடது பெடலின் ஸ்பிரிங்

தையல் மெஷின் எண்ணெய்க்கு வாசனையே கிடையாது என்று என் கணவர் சொல்வார். அவர் மூக்கை நான் எதற்கும் நம்புவதில்லை. பால் திரிந்திருப்பதை ஒரு வாய் குடித்த பிறகுதான் கண்டுபிடிப்பவர். இன்று காலை மகளின் மூன்று சக்கர சைக்கிள் கீச்சு கீச்சென்று உயிரை வாங்கியது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த சின்னக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான், சைக்கிள் மறந்துபோனது. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்து கறுப்புப் பையை வெளியே இழுத்துவிட்டேன்.

பையில் இருப்பது என் தம்பி சாமுவின் டபுள் பெடல். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவேன். போன மாதம் மகளுக்குக் காய்ச்சல், அதனால் விட்டுப்போயிற்று. அதற்கு முந்தைய மாதம் போட்டேனா? போட்டதாகத்தான் நினைவு. ஆனால் என் நினைவுகள் எல்லாம் என்னைச் சமாதானப்படுத்துவதற்கென்றே வருபவை, அவற்றை முழுதாக நம்ப முடியாது. ஜிப்பைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. இடது பெடலின் ஸ்பிரிங்கில் துரு. மேலே தூவியது போல இல்லை. சுருளுக்குச் சுருள் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

துணியால் துடைத்தால் போகாது. ஸ்பிரிங்கைக் கழற்றித்தான் தேய்க்கவேண்டும். கழற்றுவதற்கு அதன் இறுக்கத்தை முழுதும் தளர்த்தவேண்டும். சாமு வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தளர்த்தக்கூடாது என்று இத்தனை நாளும் பிடிவாதமாக இருந்தவள் நான்தான். சில வாரங்களாக அவனிடமிருந்து போனும் இல்லை.

இதைப் புரியவைக்க அந்தப் பெடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வலது காலுக்கு ஒரு மிதிகட்டை, அதன் முனையில் டிரம்மைப் போய் அடிக்கும் ஒரு சுத்தியல். டபுள் பெடல் என்றால் இடது காலுக்கும் ஒரு மிதிகட்டை உண்டு. அது தள்ளி, தனியாக நிற்கும். இரண்டையும் ஒரு இரும்புத் தண்டு இணைக்கும். இடது காலை அமுக்கினால் தண்டு சுழன்று, வலது பக்கம் இருக்கும் இரண்டாவது சுத்தியலை அடிக்கவைக்கும். மிதித்த காலைத் திருப்பி எழுப்புவது ஸ்பிரிங். அது எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பது பழகிய செருப்பு மாதிரி, அவரவர் காலுக்கு மட்டும்தான் தெரியும்.

அதை எங்களுக்குக் கொடுத்தவர் கப்பலில் வேலை பார்த்த எங்கள் சபை அண்ணன் ஒருவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆசைப்பட்டு வாங்கி வந்திருக்கிறார். கல்யாணம் ஆனதும் அவர் மனைவி, நானா அதுவா என்று கேட்டுவிட்டாராம். ஒரு சனிக்கிழமை அரிசிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். "பத்திரமா வெச்சுக்கங்க. சண்டை தீந்தா வந்து வாங்கிக்குவேன்" என்றார். சண்டை தீரவில்லை போலிருக்கிறது. சாமுவுக்கு அப்போது மீசை அரும்பவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். தாகேதா என்ற இந்தப் பர்மியப் பேட்டையில் இதே வீடுதான், இதே மூன்றாம் மாடிதான்.

முதலில் எல்லாவற்றையும் இறுக்கோ இறுக்கு என்று இறுக்கினோம். இறுக்கமாக இருந்தால் ஒழுங்காக இருக்கிறது என்பது என் எண்ணம், இன்றைக்கும் அதே எண்ணம்தான், அதற்கு என் கணவரே சாட்சி. இடது பெடலை மிதித்தால் வாதம் வந்த முழங்கால் மாதிரி நகர்ந்தது. தண்டைச் சரிவாக மாட்டியிருக்கிறோம், அது ஏறக்குறையத் தரையோடு தரையாகப் படுத்திருக்கவேண்டும், மூட்டுகளில் கொஞ்சம் அசைவு இருக்கவேண்டும் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அடிக்கிற அதிர்ச்சியிலேயே திருகுகள் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் வாசிக்க உட்காரும் முன் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்க்கவேண்டும். அந்த வேலை எனக்கு இயல்பாகவே வந்தது. வாசற்கதவைப் பூட்டிவிட்டு இரண்டாவது மாடிவரை இறங்கி, திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவளுக்கு டபுள் பெடலைவிடப் பொருத்தமான சாமான் உலகத்தில் உண்டா?

கரண்ட் போனால் எங்களுக்குக் கொண்டாட்டம். சபையின் வாலிபர் கூட்டத்தில் கிட்டார்காரர்களும் கீபோர்டுகாரியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், டிரம்முக்கு மட்டும் கரண்ட் வேண்டாம். "பாவம், நீங்கள்ளாம் ஏழைங்க" என்று சாமு அவர்களைக் கிண்டல் செய்துகொண்டே அடிப்பான். கரண்ட் திரும்பி வந்ததும் தெருப்பிள்ளைகள் எல்லாம் "மீ லாபியி!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். வெளிச்சம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான்.

சபையில் முதலில் வாசித்தது நான்தான். நம்பமாட்டீர்கள், என் மகளும் ஒருநாள் நம்பப்போவதில்லை. சாமு சின்னப்பையன், அவன் கால் மிதிகட்டைக்கு எட்டினாலும் பாட்டுக்கு எட்டவில்லை. பாஸ்டர் ஐயா முதல் நாளே பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கர்த்தரைத் துதிக்க ஒரு உதை பத்தாதாம்மா? ரெண்டு உதை எதுக்கு?" என்று கேட்டார். வாய்க்கு வந்தபடி, "ஒண்ணு பழுதானா இன்னொண்ணு இருக்கும் ஐயா" என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் வைத்திருக்கும் ஊர்தானே இது.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பெண்கள் எல்லாரும் தமேன் உடுத்தி வரவேண்டும் என்று தீர்மானம் ஆனது. தமேன் என்பது இங்கே பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கைலி. கணுக்கால் வரை வரும், குழாய் மாதிரி இருக்கும், உடுத்தியவள் அடக்கமாக நடக்கவேண்டும் என்பதற்காகவே தைத்தது போலிருக்கும். அதைக் கட்டிக்கொண்டு இரண்டு காலையும் அகட்டி வைத்து இரண்டு பெடலை மிதிப்பது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. எதையும் நூறுதரம் யோசிக்கிற நானும் யோசிக்கவில்லை. துணியைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பாட்டின் வேகத்தில் தமேனின் கீழ்க்கரை தண்டின் மூட்டுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. பாட்டு முடிந்தது. ஆசீர்வாத ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

முன்வரிசை அக்காமார்கள் கண்ணை மூடியபடியே என்னை முறைத்தார்கள். அது எப்படி முடியும் என்று கேட்காதீர்கள், சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். சாமுதான் தவழ்ந்து வந்தான். திருகுகளைக் கழற்றும் சின்னச் சாவி ஒன்று உண்டு. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பான். டிரம்முக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தண்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

"அசையாத அக்கா."

"சீக்கிரம்டா. ஆமென் வரப்போவுது."

"ஐயா இன்னும் நோயாளிங்களுக்கே வரல. அப்புறம் கப்பல்ல போறவங்க. நெறைய நேரம் இருக்கு."

ஜெபம் கப்பலில் போகிறவர்களைத் தாண்டியபோது துணி விடுபட்டது. கரையில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. துவைத்தும் போகவில்லை. அந்தத் தமேனைப் பிறகு கிழித்துப் பெடல் துடைக்கும் துணியாக்கிவிட்டேன். இன்று காலை என் கையில் இருந்ததும் அதில் ஒரு துண்டுதான்.

அதன் பிறகு நான் வாசிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கே ஒரு கூச்சம். சாமுவின் கால் அதற்குள் பாட்டுக்கும் எட்டிவிட்டது. எண்ணெய் போடுகிற வேலை மட்டும் என்னிடம் தங்கியது. அவன் வாரநாட்களில் வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். தலைமுடியை வளர்த்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிற கூட்டம். ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்புறம் பாழடைந்த கிடங்கு ஒன்றில் கூடுவார்கள். அந்த வேகத்துக்கு ஸ்பிரிங் மிக இறுக்கமாக இருக்கவேண்டும். சபைப் பாட்டுக்கு அது ஆகாது. அதனால் ஸ்பிரிங் மாட்டும் திருகில் என் நகப்பூச்சை எடுத்துப் புள்ளி வைத்தான். சிவப்பு அவன் கூட்டத்துக்கு, வெளிர் ரோஜா கர்த்தருக்கு.

"சிவப்பு யாருக்கு வெக்கிறேன்னு பாத்தியா, பிசாசே" என்று நான் திட்டுவேன்.

"சிவப்பு ரத்தம் அக்கா. இயேசுவோட ரத்தம். நீ சண்டே ஸ்கூல்ல தூங்கிட்டியா?"

வீட்டில் பழக ஒரு பலகையும் ரப்பர் பாய்த் துண்டும் வைத்திருந்தான். சத்தம் வராது என்பான். மேலே வராது, உண்மைதான். கீழே போகும். எங்களுக்குக் கீழ்வீட்டில் டோ சான் என்ற பர்மிய அம்மாள் இருந்தார். கணவர் இல்லாமல் ஒரே மகனை வளர்த்தவர், மகன் சாமு வயதுதான். சாமு இரண்டு காலையும் ஓட்ட ஆரம்பித்ததும் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். எங்கள் தரையில் டொக் டொக் டொக் என்று வரும். சாமு கேட்காவிட்டால் ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னைக் கூப்பிடுவார். "தமீ! மாடியில குதிரை கட்டி வெச்சிருக்கீங்களா? புல்லாவது போடுங்க, நின்னு தொலையட்டும்!" பர்மிய மொழியில் இதைக் கேட்கவேண்டும், இன்னும் அழகாக இருக்கும். தமீ என்றால் மகளே. திட்டும்போதும் அவர் அந்தச் சொல்லை விட்டதில்லை. சாமுவோ அவர் இடிக்கிற இடியையே தாளமாக எடுத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி மிதிப்பான். கீழே டொக், மேலே டுக்டுக். கொஞ்ச நேரம் போனால் அந்த அம்மாள் வேண்டுமென்றே தாளத்தை மாற்றி இடிப்பார். எனக்கு அப்போது பரீட்சைகள். இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வரும்.

பிறகு இந்த ஊரில் சத்தங்களின் அர்த்தம் மாறிப்போனது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதலாமா என்றும் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் சாமு வழக்கம்போல உட்கார்ந்து வேகமாக ஓட்டினான். நான் மகளை வயிற்றில் சுமந்துகொண்டு பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அடுத்தது சாத்திக்கொண்டது. கீழே ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தாள். துப்பாக்கி வெடிக்கிற மாதிரியே கேட்ட என் தம்பியின் கால்தான் இத்தனைக்கும் காரணம் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அன்று துடைப்பக்கட்டை இடிக்கவில்லை. டோ சான் தானே படியேறி வந்தார், செருப்பு இல்லாமல். திட்டவில்லை. சாமுவின் தலையில் கைவைத்து, "மகனே, இனி வேணாம்டா. எல்லாருக்கும் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவன் அதே இடத்தில் உட்கார்ந்து சுத்தியல்களைக் கழற்றினான்.

அந்த வயதுப் பையன்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்ற காலமும் வந்தது. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பட்டாளத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். டோ சானின் மகன் முதலில் போனான். பிறகு சாமு. ஒரு பை, இரண்டு சட்டை, கழுத்தில் அந்தச் சாவி. எதற்குடா அது என்றேன். "பழக்கம் அக்கா. இல்லாட்டி கழுத்து காலியா இருக்கும்" என்றான். என் மகள் அவன் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கினாள். அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, ஈரமான அதே சட்டையோடு படி இறங்கினான். மாற்றிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். வழியில் சளி பிடித்திருக்குமோ என்று பல நாள் யோசித்தேன். எல்லை தாண்டிப் போகிறவனைப் பற்றி இதைத்தான் யோசிக்க முடிந்தது என்னால்.

போனில் நாங்கள் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. எங்கே இருக்கிறாய், யாரோடு, எப்போது வருவாய், எதுவும் கிடையாது. யார் கேட்கிறார்களோ என்ற பயம். பேச என்ன மிச்சம்? பெடல்தான். எண்ணெய் போட்டேன், மிதிகட்டையை இழுக்கும் சங்கிலியைத் துடைத்தேன் என்று நான் சொல்வேன். மகளின் பல்லைப் பற்றிச் சொல்வேன். அவன் சிரிப்பான். ஒரு தடவை அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, ஸ்பிரிங்க தளத்தி வெச்சிட்டியா?"

"இல்லடா. நீ வெச்ச மாதிரியே இருக்கு. சிவப்புப் புள்ளியிலேயே."

"சும்மா கெடக்கும்போது இழுத்தே வெச்சிருந்தா செத்துப்போவும் அக்கா. தளத்திடு."

"வந்தா மறுபடி வெக்கணுமே?"

"வெச்சுக்கலாம்... தளத்திடு."

சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். தளர்த்தவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்கிறவள் நான். அம்மா சாகும்வரை அம்மா சொன்னதை, இப்போது டாக்டர் சொன்னதை, மகளுக்கு ஊசி போடும் நர்ஸ் சொன்னதை. இந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் வரப்போகிறவன் தளர்த்தச் சொல்வானா? சொல்லமாட்டான். அவன் சொன்னது ஸ்பிரிங்கைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தளர்த்தினால் அவன் வரமாட்டான் என்பதை நானும் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அதனால் மாதாமாதம் எண்ணெய் போட்டேன், தொட்டுப் பார்த்தேன், அப்படியே மூடி வைத்தேன். அவன் கால் அதற்குள் இன்னும் மிதித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

இன்று காலை துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பொடியாக வந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும். கழற்றினால் இறுக்கம் போய்விடும். என் கணவர் எட்டிப் பார்த்தார். "புதுசு ஒண்ணு வாங்கிடலாமே" என்றார். என் முகத்தைப் பார்த்ததும், "இல்ல, சும்மா சொன்னேன்" என்று அலோன் பேட்டையில் தன் கிடங்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நல்ல மனிதர்.

மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். முதலில் போனை எடுத்து ஸ்பிரிங்கை நான்கு பக்கமும் படம் பிடித்தேன். பிறகு பூட்டுத் திருகை விரலாலேயே திருப்பினேன், அதற்கு மட்டும் சாவி வேண்டாம். இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி திருப்பினேன். சிவப்புப் புள்ளி இரண்டாகப் பிளந்து, பாதி என் விரலில் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டது. கொக்கியிலிருந்து கழன்றதும் கையில் ஒன்றுமே இல்லாதது போல லேசாக இருந்தது. தேய்த்தேன், பழைய தமேன் துணியால் துடைத்தேன், எண்ணெய் தடவினேன். துரு போன இடங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள். தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். தாங்குமா?

தளர்வாகவே மாட்டிப் பையில் வைத்திருக்கலாம். அவன் சொன்னதும் அதுதான். மனசு கேட்கவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, மிச்சமிருந்த பாதிப் புள்ளிக்குத் திருகைக் கொண்டுவந்தேன். சரியாக வந்ததா என்று காலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். எனக்கு அது எப்போதுமே மிக இறுக்கம். இப்போதும் இறுக்கமாகத்தான் இருந்தது. இது அவன் இறுக்கமா, நான் வைத்த இறுக்கமா? அமுக்கின உடனே சொல்லிவிடக்கூடிய கால் ஒன்றுதான் உண்டு, அது இங்கே இல்லை.

மறுபடி திருகைப் பிடித்தேன். இந்தத் தடவை தளர்த்தினேன், அவன் சொன்னபடி, முழுதும். மிதிகட்டை பாதிக்கு மேல் எழும்பாமல் தொய்ந்து நின்றது.

எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மகள் மிதிகட்டையின் மேல் ஏறி நின்றுவிட்டாள். ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் அதை அமுக்க அவள் எடையே போதுமாக இருந்தது. சங்கிலி கிறீச்சிட்டது, மிதிகட்டையின் அடி தரையில் டொம் என்று மோதியது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. இறங்கி ஏறினாள். டொம். "ஏய், கால் மாட்டிக்கும், எறங்கு" என்று ஓடினேன். ஓடும்போதே, கீழே துடைப்பக்கட்டை இடிக்கிறதா என்று வழக்கப்படி காது தரைக்குப் போனது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

டோ சான் போன மழைக்காலத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டு போய்விட்டார். மகன் போன பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்லிப் பகோ என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அவருடைய துடைப்பம் இன்னும் உள்ளே கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஜன்னலைத் திறந்துவைக்கப் போகும்போது பார்ப்பேன்.

மகள் என் பிடியிலிருந்து நழுவி மறுபடியும் ஏறினாள். டொம், டொம், டொம். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. கீழேயிருந்து யாராவது திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.